மாசும் மறுவும்

தமிழில் 'மாசு' என்றொரு சொல் உண்டு. 'மறு' என்றொரு சொல்லும் உண்டு. இரண்டும் குற்றம் என்னும் பொருளில் வழங்குவன. எனினும், மாசு வெளியிலிருந்து வந்து படிவது. மறு உடலோடு பிறப்பது. கண்ணாடியில் படிந்த தூசி மாசு. கன்னத்தில் அமைந்த மச்சம் மறு. நிலவில் தெரியும் கருமையையும் மறு என்றே முன்னோர் அழைத்தனர். மாசைத் துடைக்கலாம், மறுவைத் துடைக்க முயல்வது முகத்தையே மாற்றுவதாகும். எண்ணிம ஒளிப்படங்களில் தூசிப் புள்ளிகளைக் கண்டு நீக்கும் கலைக்கு இவ்வேறுபாடே முதற்பாடம்.

தூசி படியும் இடம்

வில்லையைக் கழற்றி மாற்றத்தக்க கேமராக்களில், அவ்வாறு மாற்றும் சில நொடிகளில் காற்றிலுள்ள நுண்துகள்கள் உள்ளே புகுகின்றன. ஒளியுணரிக்கு முன்னுள்ள மெல்லிய கண்ணாடித் தகட்டில் அவை ஒட்டிக்கொள்கின்றன. படத்தில் பதிவது தூசியின் உருவம் அன்று. உணரியின்மேல் விழும் அதன் நிழல்.

வில்லையின் துளை அகலத் திறந்திருக்கும்போது ஒளி பல கோணங்களில் வந்து விழுவதால் அந்நிழல் கரைந்துவிடும். துளையைச் சுருக்கினால் ஒளிக்கற்றை ஒடுங்கும். நிழல் கூர்மை பெறும். எஃப் 2.8 அளவில் கண்ணுக்குப் புலப்படாத துகள், எஃப் 16 அளவில் கரும்பொட்டாகத் தோன்றுவதன் காரணம் இதுவே. இலை அடர்ந்த தோப்பைப் படமெடுத்தால் அப்பொட்டு இலைகளுக்குள் ஒளிந்துகொள்ளும். தெளிந்த வானத்தை எடுத்தால் ஒளிய இடமின்றி வெளிப்படும்.

ஒலிம்பஸ் நிறுவனம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட இ-1 கேமராவில், கண்ணாடித் தகட்டை மிக விரைவாக அதிரச் செய்து தூசியை உதறும் அமைப்பு இடம்பெற்றது. பின்னர்ப் பிற நிறுவனங்களும் இத்தகைய அமைப்புகளைக் கொண்டுவந்தன. ஆயினும், பசைத்தன்மையோடு ஒட்டிய துகள்கள் உதறலுக்கு எளிதில் அசைவதில்லை. அவற்றின் நிழல்களைப் படத்திலிருந்து நீக்கும் பணி கணினித்திரைக்கு வந்து சேர்கிறது.

காணும் கலை

நீக்குவதைவிடக் காண்பதே கடினம். படம் முழுவதையும் திரையில் சுருக்கிப் பார்க்கும்போது சிறு புள்ளிகள் மறைந்துவிடுகின்றன. ஆகவே, படத்தை 100 விழுக்காட்டு அளவில் வைத்து, ஒரு மூலையில் தொடங்கி மறுமூலை வரை வரிசை வரிசையாகப் பார்த்தல் வேண்டும். நெல்வயலில் களையெடுப்போர் வரிசை பிடித்து நகர்வர். கண்ட இடமெல்லாம் தாவினால் களை தப்பிவிடும் என்பது அவர்கள் அறிந்தது. படத்திருத்துநரின் கண்ணுக்கும் அவ்வொழுங்கு தேவை. ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தற்காலிகமாக மிகுவித்தால், மங்கிய புள்ளிகளும் தலைகாட்டும். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த லைட்ரூம் 5 மென்பொருளில், படத்தைக் கறுப்பு வெள்ளைக் கோட்டுருவமாக மாற்றிப் புள்ளிகளை எடுத்துக்காட்டும் வசதி சேர்க்கப்பட்டது.

வானத்தில் ஒரு கரும்பொட்டு தெரிகிறது. அது தூசியா, தொலைவில் பறக்கும் பருந்தா? அடுத்தடுத்து எடுத்த படங்களை ஒப்பிடுவதே இதற்கு விடை தரும். கேமராவைத் திருப்பிய பின்னும் சட்டத்தின் அதே இடத்தில் நிற்பது தூசி. இடம் மாறுவது பருந்து.

ஒப்பிட்டுப் பார்க்கும் இப்பழக்கத்தின் அருமையை வானியல் வரலாறும் காட்டுகிறது. 1930ஆம் ஆண்டில் கிளைட் டாம்பா என்னும் இளைஞர், சனவரி 23, 29 ஆகிய நாள்களில் எடுக்கப்பட்ட இரு ஒளிப்படத் தகடுகளை ஒப்பிட்டபோது, விண்மீன்களுக்கிடையே ஒரு சிறு பொட்டு நகர்ந்திருப்பதைக் கண்டார். அது தகட்டின் பழுதாகவும் இருந்திருக்கலாம். எனவே, சனவரி 21 அன்று எடுத்த மற்றொரு தகட்டையும் எடுத்துப் பார்த்தார். எதிர்பார்த்த இடத்தில் அப்பொட்டு அங்கும் இருந்தது. அதுவே புளூட்டோ. அப்பொட்டைப் பழுதென்று ஒதுக்கியிருந்தால் ஓர் உலகமே ஒதுக்கப்பட்டிருக்கும்.

நீக்கும் முறை

புள்ளியை நீக்க இரு கருவிகள் பெரிதும் பயன்படுகின்றன. படியெடுக்கும் கருவி, படத்தின் ஒரு பகுதியை அப்படியே எடுத்துப் புள்ளியின்மேல் ஒட்டுகிறது. 2002ஆம் ஆண்டில் போட்டோஷாப் 7 மென்பொருளில் அறிமுகமான 'ஹீலிங் பிரஷ்' என்னும் ஆற்றுந்தூரிகை, எடுத்த பகுதியின் இழையமைப்பை மட்டும் கொண்டு, நிறத்தையும் ஒளியையும் புள்ளியின் சுற்றுப்புறத்திலிருந்து பெறுகிறது. அதனால் ஒட்டுப்போட்ட தடம் தெரிவதில்லை. ஆனால், வானமும் கோபுரமும் சந்திக்கும் விளிம்பில் இத்தூரிகை ஒன்றின் நிறத்தை மற்றொன்றில் கலந்துவிடக்கூடும். அவ்விடத்தில் படியெடுக்கும் கருவியே ஏற்றது.

தூரிகையின் அளவு புள்ளியைவிடச் சற்றே பெரியதாக இருத்தல் போதும். திருத்தங்களைத் தனி அடுக்கில் செய்தால் மூலப்படம் தீண்டப்படாமல் இருக்கும். கை தவறினும் மீள வழியிருக்கும்.

கருவி அறியாதது

பழைய படச்சுருள்களை எண்ணிமமாக்கும்போது இடர்ப்பாடு மிகுகிறது. எதிர்ப்படத்தில் படிந்த தூசி ஒளியை மறைப்பதால், நேர்ப்படத்தில் வெண்புள்ளியாகத் தோன்றும். சில வருடிகள் அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தித் தூசியைக் கண்டறிகின்றன. பெரும்பாலான வண்ணச்சுருள்களின் சாயங்கள் அக்கதிரை ஊடுருவ விடும், தூசி தடுக்கும். ஆனால், கறுப்பு வெள்ளைச் சுருளில் உருவத்தைத் தாங்கும் வெள்ளித் துகள்களும் அக்கதிரைத் தடுப்பதால், அங்கு இம்முறை பயன்படுவதில்லை. மனிதக் கண்ணே முடிவெடுக்க வேண்டும்.

ஒரு பாட்டியின் மணநாள் படம் திருத்துநரிடம் வருகிறது என்று கொள்க. முகத்தில் ஐந்தாறு வெண்புள்ளிகள். அவற்றுள் நான்கு தூசி. ஒன்று மூக்குத்தியின் ஒளி. தாவாயில் உள்ள கரும்புள்ளியோ மச்சம். விரைந்தோடும் தூரிகைக்கு இவை அனைத்தும் ஒன்றே. படம் பளிச்சென்று மாறும். ஆனால், வீட்டார் தேடும் முகம் அதில் இராது. அவரை அறிந்த ஒருவரிடம் கேட்டறிந்து திருத்துவதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

தூரிகையின் எல்லை

ஒளிப்படத்திலிருந்து ஒன்றை நீக்கும் ஆற்றல் கணினிக்கு முன்பே இருந்தது. மாஸ்கோ கால்வாய்க்கரையில் ஸ்டாலினுடன் நின்ற நிகோலாய் யெசோவ், 1940ஆம் ஆண்டில் கொல்லப்பட்டார். அதன்பின் வெளிவந்த படத்தில் அவர் நின்ற இடத்தில் நீர்ப்பரப்பு மட்டுமே இருந்தது. தூசியைத் துடைக்கும் அதே கைத்திறன், அங்கே ஒரு மனிதரைத் துடைக்கப் பயன்பட்டது.

இதனாலேயே செய்தி ஒளிப்படத்துறை எல்லை வகுத்துக்கொண்டது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நெறிமுறைகள், கேமரா உணரியின் தூசியையும் வருடப்பட்ட படங்களின் கீறல்களையும் நீக்க இசைகின்றன. காட்சியில் இருந்ததை நீக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ இசைவதில்லை.

திருத்துநர் ஒவ்வொரு புள்ளியின்முன்னும் கேட்க வேண்டிய வினா ஒன்றுதான்: 'படமெடுத்த அந்நொடியில் இது காட்சியில் இருந்ததா, கருவியில் இருந்ததா?' கருவியில் இருந்தது மாசு. அதை நீக்குவது உண்மைக்குச் செய்யும் உதவி. காட்சியில் இருந்தது மறு. அழகோ அழகின்மையோ, அது அக்காட்சிக்கு உரியது. அதன்மேல் தூரிகை படாமல் விடுவதும் திருத்துநரின் கடமையே.