டெண்ட் கிராமத்துப் பின்னல்காரிகள்

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் என் தம்பி வேலையாக இருக்கிறான். அவன் மனைவியின் பிரசவத்துக்குத் துணையாகப் போன வருடம் மூன்று மாதம் அங்கே இருந்தேன். பத்தியச் சமையலும் குழந்தையைக் குளிப்பாட்டுவதுமாக இரண்டு மாதம் ஓடிவிட்டது. அவளுடைய அம்மா வந்து சேர்ந்ததும், "அக்கா, வந்ததிலிருந்து நீ அடுப்படியை விட்டு நகரலே. ஒரு நாளாவது வெளியே போயிட்டு வரலாம், வா" என்று தம்பி காரை எடுத்தான்.

"லண்டனுக்கா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"லண்டனை எல்லாரும்தான் பார்க்கறாங்க. உனக்கு நான் கிராமம் காட்டறேன்" என்றான்.

அவன் அழைத்துப் போன இடம் யார்க்‌ஷயர் டேல்ஸ். டேல் என்றால் பள்ளத்தாக்கு. 1954-ல் இதைத் தேசியப் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள். பூங்கா என்றதும் பூச்செடியும் ஊஞ்சலும் என்று நினைத்துவிடாதீர்கள். ஜனங்கள் குடியிருந்து ஆடு மாடு வளர்க்கிற மலைச்சீமை அது. சரிவெல்லாம் கல் சுவர்கள். சுண்ணாம்பு, சிமெண்ட் எதுவும் கிடையாது. இரண்டு வரிசையாகக் கல்லை அடுக்கி, நடுவில் சில்லுக் கற்களைப் போட்டு, இடையிடையே இரண்டையும் சேர்த்துப் பிடிக்க நீளக் கல் வைக்கிறார்கள். 24 வளைவுகள் கொண்ட ரிபிள்ஹெட் ரயில் பாலத்தைத் தாண்டி, பள்ளத்தாக்கில் இறங்கினால் டெண்ட் கிராமம்.

சின்ன ஊர்தான். உருளைக்கல் பாவிய குறுகலான தெரு, வெள்ளையடித்த வீடுகள், பழைய தேவாலயம். தெருவில் ஒரு பெரிய கருங்கல்லில் குடிநீர்க் குழாய். 1785-ல் இந்த ஊரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் மண்ணியல் பேராசிரியரான ஆடம் செட்ஜ்விக்கின் நினைவாக வைத்தது. படித்துப் பெரிய ஆளானவருக்கு ஊரில் கல் வைப்பது எங்கும் உள்ள வழக்கம்தானே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்ததில் பெண்களுக்கும் பங்கு உண்டு என்பது பிற்பகலில்தான் தெரிந்தது.

பக்கத்து ஊரான ஹாஸில், பழைய ரயில் நிலையத்தில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே மரத்தில் செதுக்கிய சிறு துண்டுகளை வைத்திருந்தார்கள். ஒரு நுனியில் மட்டும் துளை. என்னவென்று புரியாமல் தம்பியிடம் கேட்டேன். கம்பளி நூலில் காலுறை பின்னும்போது இதை இடுப்பு வாரில் செருகிக்கொண்டு, பின்னல் ஊசி ஒன்றை அந்தத் துளையில் நிறுத்திக்கொள்வார்களாம். நடந்துகொண்டே பின்னலாம், மாடு ஓட்டிக்கொண்டே பின்னலாம். கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு வாலிபர்கள் இதைச் செதுக்கிக் கொடுப்பதும் உண்டாம்.

விளைச்சல் போதாத மலையில், காலுறையும் குல்லாயும் கையுறையும் பின்னி வந்த கூலியில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிந்திருக்கிறது. ஆண்களும் குழந்தைகளும்கூடப் பின்னியிருக்கிறார்கள். டெண்ட் பெண்களின் வேகத்தைப் பார்த்து 'டெரிபிள்' பின்னல்காரிகள் என்றே பெயர். நம் பிள்ளைகள் "பயங்கரமாப் பாடறா" என்கிறார்களே, அந்த மாதிரி! இரவில் விறகும் விளக்கும் மிச்சமாகட்டும் என்று ஒரே வீட்டில் கூடி உட்கார்ந்து, கதை பேசிப் பாடிக்கொண்டே பின்னுவார்களாம். பின்னல் கற்க வெளியூரிலிருந்து அனுப்பப்பட்ட ஏழெட்டு வயது அக்காளும் அவளைவிடச் சின்னத் தங்கையும் வீட்டு ஏக்கம் தாங்காமல் குளிரில் நடந்தே ஊர் திரும்பிய கதையும் உண்டு. அப்புறம் இயந்திரம் வந்தது. கைப்பின்னல் படிப்படியாகப் போய்விட்டது.

கூடி உட்கார்ந்து பின்னுவார்கள் என்றதும் எனக்குத் தொண்டை அடைத்தது. திண்டுக்கல்லில் அப்பா தவறிய பிறகு, எங்கள் வீட்டுத் திண்ணையில் தெருவிளக்கு வெளிச்சத்தில் அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் ஒயர் கூடை பின்னுவார்கள். அந்தக் கூலியில்தான் நாங்கள் படித்தோம். எனக்கு அது வெட்கம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, "உங்க அம்மா என்ன வேலை பார்க்கறாங்க?" என்று புது டீச்சர் கேட்டார். "வீட்ல சும்மாதான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். மறந்துபோன சாப்பாட்டுத் தூக்குடன் அம்மா வாசலில் நின்றதை அப்புறம்தான் பார்த்தேன். அன்றும் சரி, பிறகும் சரி, அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் பேசியதில்லை.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அம்மாவைப் பார்க்கப் போனேன். இப்போது அம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு. விரல் கணுக்களெல்லாம் வீங்கியிருக்கின்றன. தைலம் தேய்த்துவிட்டபடியே டெண்ட் கதை முழுவதும் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டுவிட்டு, "ஒரு சோடிக்குக் கூலி எவ்வளவு குடுத்தாங்களாம்?" என்றார்.

"தெரியலேம்மா. அம்மா, அன்னிக்கு டீச்சர்கிட்ட நான் அப்படிச் சொன்னது தப்பு" என்றேன்.

எந்த டீச்சர் என்று அம்மா கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, அந்தக் கையையும் தேய்ச்சு விடு" என்று நீட்டினார்.

சகோதரிகளே, என் மகளுடைய பள்ளிப் படிவத்தில் 'தாயார் தொழில்' என்ற இடத்தில் கோடு போட்டுவிடுவதுதான் இதுவரை என் வழக்கம். இந்த வருடம் 'இல்லத்தரசி, தையல்' என்று முழுதாக எழுதினேன்.