கல் விழுந்த இடம்

சேரன்மாதேவிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி. வாசலில் செருப்புகள், சோடி மாறிக் கிடக்கின்றன. சன்னல் திட்டில் பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே ஆற்றுக் கற்கள், ஓட்டுச்சில்லு, புளியமுத்து.

சுவரில் ‘எண்ணும் எழுத்தும்’ அட்டைகள். 2022-இல் வந்த திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகள். காற்றடித்தால் மூன்றும் ஒரே பக்கம் சாய்கின்றன.

புளியமுத்து பத்து. ஒரு பக்கம் சிமெண்டுத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கியவை. சிறுமி உள்ளங்கையில் குலுக்குகிறாள். வாயருகே கொண்டுபோய் ஊதுகிறாள். வீசுகிறாள். சிலேட்டில் எழுதுகிறாள்: 6 + 4. அடுத்த வீச்சு: 3 + 7. அடுத்தது: 8 + 2. ஒவ்வொரு தடவையும் பத்துதான். ஒவ்வொரு தடவையும் எண்ணிப் பார்க்கிறாள்.

அந்தப் பக்கம் எழுத்துக் கட்டங்கள். ஒருவன் எறிந்த சில்லு ‘ழ’வில் விழுகிறது. அதில் தொடங்கும் சொல் வேண்டும். கூரையைப் பார்க்கிறான். டீச்சரைப் பார்க்கிறான். டீச்சர் சாக்பீஸைப் பார்க்கிறார். வரிசை காத்திருக்கிறது.

“டீச்சர், அதுல ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது” என்கிறது பின்னாலிருந்து ஒரு குரல்.

டீச்சர் தலையாட்டுகிறார். நடுவில் வந்தாலும் போதும்.

“வாளப்பளம்.”

“இன்னொருக்கா.”

வெராந்தாவில் நீலச் சாக்பீஸில் தாமிரபரணி. வாசற்படி பொதிகை. கோடியில் உள்ள தண்ணீர்க்குடம் புன்னைக்காயல். குறுக்கே எட்டுக் கோடுகள், எட்டு அணைக்கட்டுகள். கல் எத்தனை கோடு தாண்டுகிறதோ அத்தனை பெயர் சொல்ல வேண்டும்.

முதல் கல் மூன்று தாண்டுகிறது. “கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன்.” கன்னடியன் மட்டும் சத்தமாக வருகிறது. அதன் கால்வாய்தான் ஊர் வயலுக்குப் பாய்வது.

அடுத்தவள் அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி வரை ஓடுகிறாள். மருதூரில் நிற்கிறாள். உதட்டைக் கடிக்கிறாள்.

குட்டைப் பையன் ஓங்கி எறிகிறான். கல் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டி உருள்கிறது. குடத்தில் மோதி ணங்கென்கிறது.

“ஏல, கடலுக்குப் போயிட்டு!”

கடலுக்குப் போனால் ஆட்டம் போச்சு. எட்டுப் பெயரையும் முணுமுணுத்தபடி அவன் வரிசையின் கடைசிக்கு நடக்கிறான். யாரும் கேட்கவில்லை.

மதிய மணி. ஆற்றின் இரு கரையிலும் தட்டுகள். மருதூர்ப் பக்கம் சாம்பார் சிந்துகிறது.

சிறுமியின் உள்ளங்கையில் அவித்த முட்டை. குலுக்குகிறாள். வாயருகே கொண்டுபோய் ஊதுகிறாள்.