மழை நாளில் ஊர் பார்க்கலாம்

டிசம்பரில் சென்னைக்கு வருகிறவர்கள் கச்சேரி, சபா கேன்டீன், புடவைக் கடை என்று பட்டியலோடு வருவார்கள். வந்த மறுநாளே மழை பிடித்துக்கொள்ளும், முகம் தொங்கிப்போகும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை பெய்கிறது. ஊருக்கு ஆண்டு முழுக்கக் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் இந்தக் காலத்தில்தான். அந்த நாளில் வந்துவிட்டு, மழையைத் திட்டியபடி அறைக்குள் டிவி பார்ப்பது என்ன பயணம்? ஜப்பானில் கமகுராவின் மெய்கெட்சுஇன் கோயிலுக்கு, ஜூன் மாத மழையில் பூக்கும் ஹைட்ரேஞ்சாவைப் பார்க்கவே குடையும் கையுமாகக் கூட்டம் கூடுகிறது. இந்த வயதில் எனக்குத் தெரிந்தது இதுதான்: தோதான நாளுக்காகக் காத்திருந்தவர்கள் எந்த ஊரையும் பார்த்து முடித்ததில்லை.

மயிலாப்பூரில் ஆரம்பியுங்கள். கபாலீசுவரர் கோயில் கோபுரத்தைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நீங்கள் பின்னால் இருக்கும் தெப்பக்குளத்துக்குப் போங்கள். இந்தக் குளம் காய்ந்து, பையன்கள் கிரிக்கெட் ஆடியதும் உண்டு. அப்படி வறண்ட ஊரில்தான் 2003இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றார்கள். குழாய்க்கும் குழிக்கும் வீண் செலவு என்று அன்று முணுமுணுத்தவர்கள், அடுத்து வந்த நல்ல மழைக்குப் பின் தங்கள் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள்.

தி. நகருக்கு மழையில் போனால் பலருக்கு எரிச்சல்தான் வரும். எனக்கு அங்கேதான் சுவாரசியம். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை பக்கம்வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை வடித்துத்தான் 1920களில் இந்தப் பேட்டையை உருவாக்கினார்கள். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரை அதற்கு வைத்தார்கள். அங்குள்ள பூங்காவுக்கு அதே கட்சியின் பனகல் அரசர் பெயர். ஏரி போனாலும் கரை போகவில்லை: மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடும் நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடும் இன்றும் இருக்கின்றன. ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தால் துரைசாமி சுரங்கப்பாதை நிரம்பிவிடும். வடிகாலைத் திட்டுகிறோம், திட்டவும் வேண்டும்தான். ஆனால் உஸ்மான் ரோட்டில் கணுக்கால் தண்ணீரில் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறபோது, நூறு வருடத்துக்கு முன்பு இங்கே நின்ற தண்ணீர் எங்கே போகும் என்று ஒரு தரமாவது யோசிக்கலாம். புறம்போக்கில் வீடு கட்டியவனைப் பழிக்கிற நாம், ஏரிக்குள் நகைக்கடையையும் பட்டுக்கடையையும் கட்டிவிட்டுக் கௌரவமாக இருக்கிறோம்.

தோல் செருப்பு வேண்டாம். கடல் காற்றுக்குக் குடை நிற்காது, மழைக்கோட்டுதான் சரி.

அடையாறில் பிரம்மஞான சபைத் தோட்டம் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போங்கள். அங்கிருக்கும் பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989இல் புயல் காற்றில் சாய்ந்துவிட்டது. விழுதுகள் மட்டும் நின்று மரமாகத் தொடர்கின்றன. மழையில் நனைந்து கறுத்த விழுதுகளுக்கிடையே நடந்தால், எது அடிமரம் என்று தேடத் தோன்றாது.

திரு.வி.க. பாலத்திலிருந்து அடையாறு ஆறு கடலோடு சேரும் பக்கத்தைப் பார்க்கலாம், தூறல் நாளாக இருந்தால். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரும் வழியில் சேர்ந்த வெள்ளமுமாக இதே ஆறு கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விட்ட நாளில் ஊர் பார்க்கக் கிளம்புகிறவருக்கு நான் துணைக்கு வரமாட்டேன்.