பத்து டன் காற்று

ஆம்பூரில் எங்கள் வீட்டிலிருந்து பாலாறு நடக்கிற தூரம். ஆறு என்று பேர்தான். எனக்குத் தெரிந்தது மணலும் முள்மரமும் குழிகளும். காற்றடித்தால் டேனரி வாடை வரும். அப்பா அங்கேதான் வேலை பார்த்தார். தோலை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்தே எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லிவிடுவார். கேஜ் வைத்துப் பார்த்தாலும் அதுதான் வரும்.

எம்.எஸ்சி. ஆய்வுக்காக நான் மணல் பிடிக்கப் போனது அதே பாலாறு கடலில் சேரும் வயலூர்க் கடற்கரைக்கு. கருவி ஒரு பிவிசி குழாய்தான். காற்றைப் பார்த்த பக்கம் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பிளவு, பின்பக்கம் காற்று வெளியேற வலைத்துணி. பாதியை மண்ணில் புதைத்து நட்டால், வருகிற மணல் உள்ளே விழுந்து அடியில் சேரும்.

கடற்கரை மணல் பெரும்பாலும் பறப்பதில்லை, தத்தும். ஒரு துகள் எழும்பி விழும்போது இன்னொன்றைக் கிளப்பிவிடும். எல்லாம் முழங்காலுக்குக் கீழேதான். லிபியப் பாலைவனத்தில் கார் ஓட்டித் திரிந்த ராணுவப் பொறியாளர் பாக்னால்ட் இதற்குச் சூத்திரம் கண்டுபிடித்து 1941இல் புத்தகமாக எழுதினார். தரையை உரசும் காற்றின் வேகம் இரு மடங்கானால், மணல் எட்டு மடங்கு நகரும். ஈரமணல் மட்டும் அவ்வளவு லேசில் அசையாது. மழைக்கு மறுநாள் போனேன், குழாய் காலி.

அடுத்த முறை பத்து நிமிடத்தில் 30 கிராம் கிடைத்தது. ஒரு மீட்டர் அகலத்துக்கு மணிக்கு 18 கிலோ. பெருமையாக அப்பாவிடம் பாக்கெட்டைக் காட்டினேன். விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"நம்ம ஆத்து மணலாம்மா?"

"இருக்கலாம்ப்பா. ஆறு கடல்ல கொண்டாந்து போடும், அலை கரையில ஒதுக்கும், காத்து மேட்டுல ஏத்தும்."

"ராத்திரில நம்ம தெருவுல லாரி போச்சே, அதை ரொப்ப உன் காத்துக்கு எத்தினி நாள் ஆகும்?"

கணக்குப் போட்டேன். பத்து டன் லாரி என்றால், ஒரு மீட்டர் அகலக் காற்று 23 நாள் இரவு பகலாக வீச வேண்டும்.

பாலாற்றில் கலந்த தோல் கழிவுக்கு, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போட்டது வேலூர்க் குடிமக்கள் நல மன்றம். தண்ணீருக்காவது யாரோ கணக்குக் கேட்டார்கள்.

ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த 23 நாளை எழுதியிருந்தேன். தலைப்புக்குச் சம்பந்தமில்லை என்று அடித்துவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.