மயில்துத்தத்தின் நிறம்

எங்கள் ஊராகிய பேளுக்குறிச்சி கொல்லிமலையின் அடிவாரத்திலுள்ளது. மலைச் சரக்குகள் வந்து குவியும் சந்தையால் அது பெயர்பெற்றது. என் தந்தையார்க்கு மலைமீது சிறு மிளகுத் தோட்டம் ஒன்றுண்டு. கொடிகளை வாடல் நோய் பற்றாதிருக்கும்படி, மயில்துத்தம் ஒரு கிலோவும் சுண்ணாம்பு ஒரு கிலோவும் 100 லிட்டர் நீரிற் சேர்த்துப் போர்டோக் கலவை செய்து மழைக்குமுன் தெளிப்பார். கலவையில் கத்தியின் அலகைத் தோய்த்துப் பார்ப்பார். அதிற் செம்புக் கறை படிந்தால் இன்னுஞ் சிறிது சுண்ணாம்பு சேர்ப்பார்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, மயிலின் கழுத்தையொத்த அந்நீலக் கற்களில் ஒரு பிடியை எடுத்து ஓட்டிலிட்டு அடுப்பில் வறுத்தேன். சிறிது நேரத்தில் நீலம் மறைந்து வெண்பொடியாயிற்று. அஞ்சி, அதனைப் பொட்டலத்திலேயே கொட்டிவிட்டேன். மறுநாள் தந்தையார் அதைக் கண்டு, கடைக்காரர் உப்பைக் கலந்துவிட்டாரென்று எண்ணிச் சந்தையிற் பலரறியக் கடிந்துகொண்டார். முதியவராகிய அக்கடைக்காரர் மறுமொழி கூறாது வேறு சரக்கை நிறுத்துக் கொடுத்தார். அருகில் நின்ற யானோ வாய் திறந்தேனில்லை.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் பயிலும் எனக்கு இரசாயனம் அயலான பாடம். ஆயினும் அவ்வெண்பொடி என் நெஞ்சை விட்டகலாமையால், விடுதியில் உடனுறையும் விஞ்ஞான மாணவரொருவரை வினவினேன். அவர் விளக்கியவாறு இங்கே கூறுகின்றேன்.

செம்பு, இரும்பு, குரோமியம் முதலியன இடைநிலை உலோகங்கள். அவற்றின் அயனி தனித்திராது. நீர், அம்மோனியா போன்ற மூலக்கூறுகளைத் தன்னைச் சூழ நிறுத்திக்கொள்ளும். இவ்வமைப்பை 1893-இல் ஆல்பிரட் வெர்னர் விளக்கி, 1913-இல் நோபெல் பரிசு பெற்றார். செம்பின் அயனியில் பத்து எலக்ட்ரான்களுக்குரிய ஐந்து இடங்களில் ஒன்பதே உள்ளன. சூழ நிற்கும் துணைகள் அவ்வைந்து இடங்களையும் மேலுங் கீழுமாகப் பிரிக்கின்றன. கீழுள்ள எலக்ட்ரான் மேலேறுவதற்கு வேண்டிய ஆற்றலை ஒளியினின்று கவர்கின்றது. கவரப்படாது எஞ்சிய ஒளியே நம் கண்ணுக்கு நிறமாகின்றது.

நீர் சூழ்ந்திருக்கையில் செம்பு செவ்வொளியைக் கவர்வதால் மயில்துத்தம் நீலமாகின்றது. வறுத்தால் நீர் நீங்கும், இடைவெளி குறுகும், கவரப்படும் ஒளி செம்மைக்கும் அப்பாற் சென்று கண்ணுக்குப் புலனாகாததாகிவிடும். ஆதலின் பொடி வெளுக்கின்றது. அம்மோனியா சூழ்ந்தாலோ இடைவெளி பெருகி, நிறம் கருநீலமாகின்றது. துத்தநாகத்திற்குப் பத்து இடமும் நிரம்பியிருத்தலால் அதன் சல்பேட்டு நீரோடிருந்தும் வெண்மையே. மாணிக்கத்தின் சிவப்பும் மரகதத்தின் பசுமையும் ஒரே குரோமியத்தால் வருவன என்றும், சூழ்நிலை வேறுபாடே நிறத்தை வேறாக்குகின்றது என்றும் நண்பர் கூறியபோது யான் பெருவியப்புற்றேன்.

கடந்த கோடை விடுமுறையில் அக்கடைக்குச் சென்று, செய்த பிழையைச் சொல்லி, நான் கொண்டுபோயிருந்த வெண்பொடியின்மீது ஒரு துளி நீர் விட்டுக் காட்டினேன். உடனே நீலம் பரந்தது. முதியவர் நகைத்து, "தம்பி, அன்று உன் தகப்பனார் திருப்பிக் கொடுத்த பொட்டலத்தை மழைக்காலத்திற் பிரித்துப் பார்த்தேன், ஈரக்காற்றில் அது தானே நீலமாகியிருந்தது. சரக்குக் கெடவில்லையென்பது எனக்கு அப்போதே தெரியும்," என்றார்.

"அப்படியானால் ஏன் ஐயா என் தந்தையாரிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"நீ அன்று என் முகத்தைப் பாராமல் நின்றாய். சிறுபிள்ளை அடிபடுவானேன் என்று விட்டுவிட்டேன்," என்றார்.

அன்று மாலையே தந்தையாரிடம் யாவற்றையுங் கூறினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. அடுத்த சந்தை நாளில் என்னையும் உடன் அழைத்துக்கொண்டு அக்கடைக்குச் சென்றார்.