அடுப்பைப் பகிர்ந்தால் விலை குறையும்
கடலூர் முதல் சிதம்பரம் வரை ஓர் உணவுப் பயணம்

ஓர் ஊரைக் காணச் செல்வோர் அங்குள்ள கோட்டையையும் கோபுரத்தையும் பள்ளிவாசலையும் பார்த்துத் திரும்புவது வழக்கம். அவ்வூர் மக்கள் எதை உண்கிறார்கள், ஏன் அதை உண்கிறார்கள் என்று பார்த்துவர விரும்பினால், அதற்குக் கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலை மிகப் பொருத்தமானது. ஏறத்தாழ நாற்பத்தைந்து கிலோமீட்டர் நீளும் அச்சாலையின் ஒருபுறம் கடல். மறுபுறம் நெல் வயல். கெடிலம், பரவனாறு, வெள்ளாறு என ஆறுகள் பல கடலை நாடி ஓடுகின்றன. மேற்கே பண்ருட்டியின் செம்மண்ணில் பலாவும் முந்திரியும் விளைகின்றன. உணவுக்குக் குறைவில்லாத இந்த மண்ணில், நல்ல உணவு ஏன் பலருக்கு எட்டாக்கனியாக இருக்கிறது? இந்தக் கேள்வியோடு பயணத்தைத் தொடங்குவோம்.

முதுநகரில் விடியற்காலை

ஃபஜ்ரு தொழுகை முடிந்து வெளிச்சம் பரவும் நேரத்தில் கடலூர் முதுநகர்த் துறைமுகம் முழு விழிப்போடு இருக்கும். உப்பனாற்றின் கரையில் படகுகள் அணைய, கூடைகள் இறங்க, ஏலக் குரல்கள் எழும். ஆங்கிலேயர் 1690இல் புனித டேவிட் கோட்டையை விலைக்கு வாங்கிக் காலூன்றிய இக்கடற்கரையில், இன்றும் வணிகமே முதல் மொழி.

அங்கு ஒரு மணி நேரம் நின்றால் ஓர் உண்மை விளங்கும். வஞ்சிரமும் பெரிய இறாலும் பனிக்கட்டிப் பெட்டிகளில் ஏறி நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் பயணமாகின்றன. மத்தி, நெத்திலி, காரப்பொடி போன்ற சிறு மீன்களே உள்ளூர்ப் பெண்களின் கூடைகளில் ஏறித் தெருவுக்கு வருகின்றன. விலையில் இவை தாழ்ந்தவை. சத்தில் தாழ்ந்தவை அல்ல. இதயத்துக்கு நலம் தரும் ஒமேகா-3 கொழுப்பு மத்தியில் மிகுதி. முள்ளோடு மென்று உண்ணும் நெத்திலி, எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தருகிறது. புளியும் பூண்டும் வெந்தயமும் சேர்த்து நம் உம்மாமார் மண்சட்டியில் கொதிக்கவைத்த மத்தி ஆணம், எந்த மருத்துவரும் குறை சொல்ல முடியாத உணவு.

ஆயினும் இந்த எளிய மீனுக்கும் இப்போது போட்டி மிகுதி. கோழித் தீவனத்துக்கும் மீன் தீவனத்துக்குமான மாவாக அரைபட மத்தி பெருமளவில் செல்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன்வளம் பெருக அது தேவையே. ஆனால் அந்நாட்களில் மீன் விலை ஏறும்போது, முதலில் மீன் மறைவது ஏழையின் தட்டிலிருந்துதான்.

மாலை நேரத்துக் கடைகள்

அதே கடலூரில் மஃரிபுக்குப் பிறகு காட்சி மாறுகிறது. திருப்பாதிரிப்புலியூரிலும் மஞ்சக்குப்பத்திலும் சாலையோர அடுப்புகள் சீறுகின்றன. இரும்புச் சட்டியில் ஃபிரைடு ரைஸும் நூடுல்ஸும் துள்ளுகின்றன. பரோட்டாக் கல்லில் எண்ணெய் மின்னுகிறது. ஷவர்மா கம்பி நெருப்பின் முன் சுழல்கிறது. சிவப்பு நிறம் ஏற்றிய கோழித் துண்டுகளைச் சுற்றி இளைஞர் கூட்டம்.

இக்கூட்டத்தைப் பார்த்து நாவடக்கம் இல்லாதவர்கள் என்று பழிப்பது எளிது; நியாயமாகாது. சிப்காட் ஆலைகளில் முறைவேலை முடித்து இரவில் திரும்புகிறவர் அங்கே நிற்கிறார். காலை முதல் கால்கடுக்க நின்று வேலை செய்த பெண், வீட்டில் அடுப்பு மூட்ட வலுவின்றிப் பொட்டலம் வாங்கிச் செல்கிறாள். சமையலறையே இல்லாத வாடகை அறையில் தங்கியிருக்கும் இளைஞனுக்கு வேறு வழியில்லை. துரித உணவு விற்பது சுவையை மட்டுமன்று. நேரத்தையும் சேர்த்தே விற்கிறது.

அது மலிவாய் இருப்பதற்கும் காரணம் உண்டு. மைதா, பாமாயில், சர்க்கரை, உப்பு ஆகிய நான்கும் குறைந்த காசில் வயிற்றை நிரப்பக்கூடியவை, எளிதில் கெடாதவை. காய்கறியும் கீரையும் பருப்பும் அப்படியல்ல. எனவே ஒரு ரூபாய்க்கு எவ்வளவு பசி அடங்கும் என்று கணக்கிட்டால் பரோட்டாவே வெல்லும். எவ்வளவு சத்து சேரும் என்று கணக்கிட்டால் அது தோற்கும். பசியோடு நிற்பவன் முதல் கணக்கைத்தான் போடுவான்.

இரண்டாவது கணக்கு பின்னர் மருத்துவமனையில் போடப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையோர் என மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் அந்நோய் உண்டு. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், நாட்டின் நோய்ச் சுமையில் 56.4 விழுக்காடு சீரற்ற உணவால் வருவது என்கிறது.

அரசும் கண்மூடி இருக்கவில்லை. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதற்கு 2018 முதல் வரம்பு உண்டு. உணவெண்ணெயில் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது 2022 முதல் விதி. துணிச்சாயம் கலந்த பஞ்சுமிட்டாய் 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும் பின்னர் தமிழ்நாட்டிலும் தடை செய்யப்பட்டது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு தடை செய்தது. இவை நஞ்சைத் தடுக்கும் விதிகள். நல்ல உணவைத் தட்டில் வைக்க அவற்றால் இயலாது.

நாற்பத்தெட்டுக் கிலோ கணக்கு

இனி ஒரு குடும்பத்தின் வரவுசெலவைப் பார்ப்போம். ரேஷன் கடையில் அரிசி இலவசம். தமிழ்நாட்டின் சிறப்புத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். பாமாயில் லிட்டர் 25 ரூபாய். சர்க்கரைக்கும் சலுகை விலை. பசிப்பிணியைத் துரத்தியதில் இத்திட்டத்துக்குள்ள பங்கை நன்றியோடு சொல்ல வேண்டும்.

ஆனால் உலக சுகாதார நிறுவனம், ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அது நாளொன்றுக்கு 1 கிலோ 600 கிராம். மாதத்துக்கு 48 கிலோ. இந்த நாற்பத்தெட்டுக் கிலோவில் ஒரு கிலோ கூட ரேஷன் கடையில் கிடைக்காது. சராசரியாகக் கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் நாளொன்றுக்கு 80 ரூபாய் ஆகிறது. 2025-26 நிதியாண்டில் தமிழ்நாட்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாள் ஊதியம் 336 ரூபாய். வேலை கிடைத்த நாளிலேயே ஊதியத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு காய்க்கும் கனிக்கும் போய்விடும். மீன், முட்டை, பால், வாடகை, பள்ளிச் செலவு, மருந்து எல்லாம் இதற்கு அப்பால்.

ஆகவே வீடுகள் சோற்றைக் கூட்டிக் காயைக் குறைக்கின்றன. முதலில் குறைவது தாயின் பங்கு. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர். இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 2024ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 260 கோடிப் பேருக்கு ஆரோக்கியமான உணவை வாங்கும் வசதி இல்லை என்று ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் மதிப்பிட்டுள்ளன.

பரங்கிப்பேட்டையின் அடுக்களை

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் கடந்து, பு.முட்லூரில் கிழக்கே திரும்பினால் பரங்கிப்பேட்டை. போர்ச்சுகீசியர் 'போர்ட்டோ நோவோ', அதாவது புதுத் துறைமுகம், என்று பெயரிட்ட ஊர். மஹ்மூது பந்தர் என்று நம்மவர் வழங்கிய ஊர். 1781 ஜூலை 1இல் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் மோதிய களம் இதுவே. வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அமைந்திருக்கிறது.

இவ்வூர் வீடுகளில் பலவற்றுக்கு வருவாய் வளைகுடாவிலிருந்தும் கீழை நாடுகளிலிருந்தும் வருகிறது. சபுராளிகளின் உழைப்பால் வீடுகள் உயர்ந்தன, பிள்ளைகள் படித்தனர். அதோடு உணவும் மாறியது. முன்பு பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் என்றிருந்த பிரியாணியும் நெய்ச்சோறும் வாராந்தர உணவாயின. விருந்தினருக்கு மோர் கொடுத்த கை, வண்ணப் பானப் புட்டியை எடுத்தது. ஏழை வீட்டில் பணம் இல்லாததால் வரும் அதே நோய், வசதியான வீட்டில் பணம் இருப்பதால் வருகிறது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை மூச்சுக்கு விட்டுவைக்கச் சொன்ன நபிவழியை மேடையில் கேட்கிறோம். விரிப்பில் அமர்ந்ததும் மறக்கிறோம்.

எனினும் இவ்வூரின் பள்ளிவாசல்களில், தமிழகத்தின் மற்றப் பள்ளிவாசல்களில் போலவே, ரமளான் வந்ததும் ஓர் அருமையான உணவு கொதிக்கத் தொடங்குகிறது. நோன்புக் கஞ்சியைத்தான் சொல்கிறேன். பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும் கலந்த அக்கஞ்சியில், அரிசியில் குறைவான புரதக்கூறைப் பருப்பு ஈடுசெய்கிறது. பருப்பில் குறைவானதை அரிசி ஈடுசெய்கிறது. ஒரு பெரிய தேக்சாவில் நூற்றுக்கணக்கானோருக்கு ஒன்றாகக் காய்ச்சும்போது விறகும் உழைப்பும் மிச்சமாகி, ஒரு குவளைக்கு ஆகும் செலவு மிகவும் குறைகிறது. 2001 முதல் தமிழக அரசு இதற்கென அரிசி வழங்கி வருகிறது. செல்வரும் வறியவரும் ஒரே சட்டியிலிருந்து பெறுகின்றனர். சமயம் பாராமல் அண்டை வீட்டாரும் தூக்குச்சட்டியோடு வருகின்றனர்.

பொது அடுப்பின் மரபு

இம்மாவட்டத்துக்குப் பொது அடுப்பு புதிதன்று. கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் வழியிலுள்ள வடலூரில் வள்ளலார் 1867இல் தருமசாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிந்து பசித்தவர்க்குச் சோறிடுகிறது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனபோது, பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் சுற்றுப்புற மீனவக் குப்பங்களின் மக்களை அரவணைத்துச் சமைத்துப் போட்டனர். யார் வீட்டுப் பசி என்று அன்று எவரும் கேட்கவில்லை.

சிதம்பரத்தை அடைந்தால் அங்கும் இதே பாடம். நடராசர் கோயிலின் படையலோடு பெயர்பெற்ற சம்பா சோறும் கொத்சும் அவ்வூரின் அடையாளம். சுட்ட கத்திரிக்காயும் புளியும் வறுத்தரைத்த பொடியும் சேர்ந்த அந்தக் கொத்சு, நம் வீட்டுப் பிரியாணிக்குத் துணைவரும் கத்திரிக்காய்ப் பச்சடிக்கு உறவுமுறை எனலாம். எளிய காயைப் பெருமைக்குரிய உணவாக்கும் கைப்பக்குவம் இரண்டு அடுக்களைகளுக்கும் பொது. 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய தெருக்களிலோ மாணவர்கள் மாலையில் நாடுவது துரித உணவையே. வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு நாலுபேருக்குப் பொதுவான அடுப்பு அமையாதபோது, கடைச் சட்டியே தாய்வீடாகிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் அந்தப் பொது அடுப்பு அமைந்துள்ளது. காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. இப்போது வாரம் 5 முட்டையும் உண்டு. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. தனி வீட்டால் தாங்க முடியாத விலையை ஊர் சேர்ந்து தாங்கும் வழி இதுவே.

நாம் செய்யக்கூடியது

அன்புச் சகோதர சகோதரிகளே! நல்ல உணவு உண்ணுங்கள் என்று அறிவுரை சொல்வதற்குச் செலவில்லை. அதை வாங்கவோ சமைக்கவோ இயலாதவருக்கு அறிவுரை பசியாற்றாது. வீட்டளவில் செய்யத்தக்கவை சில உண்டு. கொல்லையில் ஒரு முருங்கை. வாரம் இருமுறை சிறு மீன். காலையில் கேழ்வரகுக் கூழ். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. இவற்றுக்கு மேல் வீட்டு ஆண்கள் அடுக்களையில் கைகொடுக்க வேண்டும். சமைக்கும் நேரமும் உணவின் விலையில் ஒரு பகுதியே; அதைப் பெண் ஒருத்தியே செலுத்த வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஊரளவில் செய்யத்தக்கது இதனினும் பெரிது. நம் பள்ளிவாசல்களின் தேக்சாக்கள் முப்பது நாட்கள் எரிந்து, பதினொரு மாதங்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. பாத்திரம் இருக்கிறது; சமைக்கத் தெரிந்தவர் இருக்கின்றனர்; சதக்கா கொடுக்கும் கைகளும் இருக்கின்றன. வாரத்தில் இரண்டு நாளேனும் காலையில் அதே கஞ்சியை, சிறிது கீரையும் கூடுதல் பருப்பும் சேர்த்து, வேலைக்குச் செல்லும் கூலித் தொழிலாளிக்கும் தனியே வாழும் முதியோருக்கும் அறையில் தங்கிப் படிக்கும் மாணவனுக்கும் வழங்கினால் என்ன? ஒரு கலியாண விருந்தில் வீணாகும் செலவு, இத்தகைய அடுப்பைப் பல வாரங்கள் எரியவைக்கும்.

வடலூரில் அது ஒன்றரை நூற்றாண்டைக் கடந்து நடக்கிறது. பரங்கிப்பேட்டையில் பேரலை வந்த நாட்களில் நடந்தது. பேரலை வராத நாட்களிலும் பசி இருக்கிறது. அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இதை ஒருவர் எடுத்துப் பேசட்டும்; தேக்சாவை நிமிர்த்த இருவர் முன்வரட்டும்.