கை வைக்காதீங்க என்றேன்

திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் வாடகைக்கு விட, கடன் வாங்கி ஒரு டீசல் ஜெனரேட்டர் எடுத்தவர் என் கட்சிக்காரர். ஆறாவது மாதம் சாமி புறப்பாட்டின் நடுவில் நின்றது. அதன்பின் எங்கே கொண்டுபோனாலும் சூடேறியதும் நிற்கும். ஆயில் பார்க்காமல் ஓட்டியதால் பிரஷர் இல்லை, வாரண்டி செல்லாது என்று விற்றவர் எழுதியே கொடுத்துவிட்டார்.

நுகர்வோர் மன்றத்தில் முதல் தடை, இவர் நுகர்வோரா என்பது. 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்கு வாங்கியவருக்கு இடமிருக்கவில்லை. ஆனால் தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவர் நுகர்வோர்தான் என்று 1995-இல் லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருந்தது. டெம்போ ஓட்டுவது முதல் ஒயர் இழுப்பது வரை இவரும் தானே செய்பவர், அதைத் தாண்டிவிட்டோம்.

அசல் வாதத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் உள்ளூர் மெக்கானிக். "டீசல் வரலைன்னா இருமி இருமித்தான் சார் நிக்கும். ஏர் எடுக்காம மறுபடி ஸ்டார்ட் ஆகாது. இது சாவியைத் திருப்பின மாதிரி பட்டுனு நிக்குது, உடனே ஸ்டார்ட்டும் ஆகுது." அதாவது டீசல் தடைபடவில்லை, நிறுத்தப்படுகிறது. பிரஷர் குறைந்ததென்று ஆயில் ஸ்விட்ச் சொன்னால், கன்ட்ரோல் போர்டு சோலனாய்டு மூலம் டீசலை அடைத்துவிடும். ஸ்டார்ட் ஆன முதல் சில விநாடிகள் மட்டும் அந்தப் பேச்சைக் கேட்காது. அதற்குப் பிறகு, ஒற்றைச் சாட்சியை நம்பித் தீர்ப்பெழுதும் நீதிபதி மாதிரிதான். சூட்டில் ஆயில் இளகிப் பிரஷர் மெய்யாகவே குறையவும் கூடும் என்பதால் எதிர்த்தரப்பு சொன்னதைத் தள்ளவும் முடியாது. ஸ்விட்சைக் கழற்றி அதே துளையில் பிரஷர் கேஜ் மாட்டினால் எது உண்மை என்று தெரிந்துவிடும். மெக்கானிக் ஸ்பேனரை எடுத்தார். "கை வைக்காதீங்க" என்றேன்.

பார்த்துச் சொல்ல முடியாத பழுதை உரிய சோதனைக்கு விட வேண்டும், கட்டணத்தைப் புகார்தாரரே முதலில் கட்ட வேண்டும் என்பது விதி. அதற்குள் ஒரு போல்ட் கழன்றிருந்தாலும், கெடுத்ததே நீங்கள்தான் என்பார்கள். அறிக்கைக்குச் சட்டம் சொல்வது 45 நாள், தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். நீட்டித்தார்கள். பங்குனி உத்திரமும் சித்திரைத் திருவிழாவும் போயின. ஜெனரேட்டர் தார்ப்பாய்க்குள் வாசலில் கிடந்தது. தவணை மட்டும் நிற்கவில்லை.

எதிர்த்தரப்புப் பொறியாளருக்கு எழுத்தில் கேள்விகள் கொடுத்தேன். பிரஷரை எந்தக் கேஜ் வைத்து அளந்தீர்கள் என்பதற்கு வந்த பதில்: "எச்சரிக்கை விளக்கு எரிந்தது." மன்றம் அனுப்பிய நிபுணர் கேஜ் மாட்டினார். சூட்டிலும் பிரஷர் சரியாக இருந்தது. பொய் சொன்னது ஸ்விட்ச்தான்.

உத்தரவு நகல் வாங்க வந்த கட்சிக்காரர், புது ஸ்விட்ச் என்ன விலை என்று மெக்கானிக்கிடம் விசாரித்ததாகச் சொன்னார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. டெம்போவை விற்றிருந்தார், பஸ்ஸில்தான் வந்திருந்தார்.